பண்ணைக் கணக்கில் பாட்டன் பெயர்

தாராவியில் வயதான ஒருவரை நிறுத்தி, "அய்யா, உங்கள் அப்பா பெயர் என்ன?" என்று கேட்டால் உடனே சொல்வார். பாட்டன் பெயரையும் சொல்லிவிடுவார். பாட்டனுக்கு அப்பா யார் என்று கேட்டால்தான் பேச்சு நின்றுவிடும். "அது யாருக்குத் தெரியும்? பண்ணையில் கிடந்தவர்கள். ஏதோ ஒரு கருப்பன், ஏதோ ஒரு மாடன்" என்று கையை விரிப்பார்.

மாட்டுங்காவிலும் செம்பூரிலும் பல வீடுகளில் நிலைமை வேறு. அமாவாசைதோறும் தர்ப்பணம் செய்கிறவர்களுக்கு மூன்று தலைமுறைப் பெயர்கள் மனப்பாடம். சிலருடைய சொந்த ஊர் வீட்டில் பரணைத் துழாவினால் பாகப் பத்திரம், பழைய பட்டா, நெல் கணக்கு, எழுத்து மங்கிய ஓலைக் கட்டு என்று ஏதாவது அகப்படும். யாரும் அவற்றைப் பிரித்துப் படிப்பதில்லை. வெள்ளையடிக்கும்போது ஒரு மூலையிலிருந்து எடுத்து இன்னொரு மூலையில் வைப்பார்கள்.

தாராவிப் பெரியவருக்குத் தெரியாத அந்தப் பெயர், இப்படிப்பட்ட ஒரு பரணில் இருக்கக்கூடும். நெல் கணக்குக்கும் மாட்டுக் கணக்குக்கும் நடுவில் ஒரு வரியாக அது எழுதப்பட்டிருக்கும். ஏனென்றால் அந்தப் பாட்டன் அன்று ஒரு வீட்டின் உடைமை.

கோயிலுக்கு விற்றுக்கொண்ட வேளாளர்

"தமிழ்நாட்டில் அடிமைகளா? அதெல்லாம் ஆப்பிரிக்காவில், அமெரிக்காவில் அல்லவா?" என்று பலர் கேட்பதுண்டு. நம் ஊர்க் கோயில் சுவர்களே இதற்குப் பதில் சொல்கின்றன.

சோழநாட்டில் திருப்பாம்புரம் கோயிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. காலம் 1201. பஞ்சம் வந்து நெல் விலை ஏறிவிட்டது. பிழைக்க வழியில்லாத ஒரு வேளாளர், தம்மையும் தம் இரண்டு பெண்களையும் 110 காசுக்குக் கோயிலுக்கு விற்றுக்கொண்டார் என்பதே செய்தி. பஞ்ச காலத்தில் உயர்ந்த குடி, தாழ்ந்த குடி என்ற பேதமில்லாமல் மனிதர் விலைக்குப் போயிருக்கிறார்கள்.

இத்தகைய விற்பனைப் பத்திரத்துக்குச் சோழர் காலத்தில் "ஆள்விலைப் பிரமாண இசைவுத் தீட்டு" என்று பெயரே இருந்தது. நிலம் விற்க ஒரு பத்திரம், ஆள் விற்க ஒரு பத்திரம். இந்தச் செய்திகளையெல்லாம் கல்வெட்டிலிருந்தும் ஓலைகளிலிருந்தும் திரட்டிப் பேராசிரியர் ஆ. சிவசுப்பிரமணியன் "தமிழகத்தில் அடிமை முறை" என்று ஒரு நூலே எழுதியிருக்கிறார்.

சுந்தரரை மறித்த ஆளோலை

பெரியபுராணம் கேட்டவர்களுக்கு ஆளோலை புதிதல்ல. சுந்தரரின் கல்யாணப் பந்தலில் ஒரு கிழவர் வந்து நிற்கிறார். "நீ எனக்கு அடிமை. உன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலை இதோ" என்கிறார். சுந்தரர் கோபத்தில் ஓலையைப் பிடுங்கிக் கிழித்துவிடுகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குப் போகிறது. கிழித்தது படி ஓலைதான், மூல ஓலை பத்திரமாக இருக்கிறது என்று கிழவர் அதை எடுத்து நீட்டுகிறார். சபையார் பாட்டனின் வேறொரு ஓலையை வரவழைத்துக் கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். எழுத்து ஒத்துப்போகிறது. சுந்தரர் அடிமைதான் என்று தீர்ப்பாகிறது.

வந்தவர் சிவபெருமான் என்பதால் பக்தர்களுக்கு அது திருவிளையாடல். கதையை ஒரு வழக்காக மட்டும் எடுத்துக்கொண்டால் அந்தக் காலத்து நடைமுறை தெரிகிறது. பாட்டன் எழுதிக் கொடுத்தால் பேரனும் அடிமை. ஓலைக்கு மூலம் உண்டு, படி உண்டு, சாட்சி உண்டு. பழைய ஓலைகளைக் காப்பில் வைத்து, வழக்கு வந்தால் எடுத்துப் பார்ப்பார்கள். 12-ம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடியபோது, கேட்ட மக்களுக்கு இதில் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பெரிய வீட்டுப் பெட்டி

கோயில் சுவரில் இருப்பதை ஊரே பார்க்கலாம். வீட்டுப் பெட்டியில் இருப்பதை வீட்டார் மனம் வைத்தால்தான் பார்க்க முடியும். அப்படி வெளியே வந்தவற்றில் முக்கியமானவை நாஞ்சில் நாட்டு முதலியார் ஓலைகள்.

இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் அழகியபாண்டியபுரம் என்று ஓர் ஊர். அங்கே பெரிய வீட்டு முதலியார் குடும்பம் பல தலைமுறையாக நாட்டு அதிகாரம் செய்து வந்தது. அந்த வீட்டில் கட்டுக் கட்டாக ஓலைகள் இருந்தன. அவற்றின் அருமையை அறிந்து வெளியுலகுக்குச் சொன்னவர் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை. குழந்தைப் பாட்டுக்காகவே நாம் அறிந்த கவிமணி, சரித்திர ஆராய்ச்சியிலும் ஊறியவர். பின்னாளில் நாகர்கோவில் பேராசிரியர் அ.கா. பெருமாள் இவற்றை ஆராய்ந்து "முதலியார் ஓலைகள்" என்று நூலாக்கினார்.

அந்த ஓலைகளில் வரி உண்டு, வாய்க்கால் தகராறு உண்டு, நாட்டுக் கூட்டத்தின் தீர்மானம் உண்டு. ஆட்களை விற்ற ஓலைகளும் உண்டு. அந்த வீட்டார் இதை மறைக்க வேண்டிய காரியமாக நினைக்கவில்லை. வயல் வாங்கிய ஓலையை எந்தப் பெட்டியில் வைத்தார்களோ, அதே பெட்டியில் ஆள் வாங்கிய ஓலையையும் வைத்தார்கள்.

இது ஏதோ நாலு வீட்டுச் சங்கதி அல்ல. 1836-ல் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் மக்கள் கணக்கு எடுத்தார்கள். மொத்தம் 12,80,668 பேர். அவர்களில் 1,64,864 பேர் அடிமைகள். ஏறக்குறைய எட்டுப் பேருக்கு ஒருவர். நாகர்கோவில், தோவாளை, கல்குளம், விளவங்கோடு எல்லாம் 1956 வரை கேரளத்துப் பக்கம் இருந்தவை. அந்த ஊர்களிலிருந்து மும்பைக்கு வந்தவர்கள் இன்று ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள்.

சென்னை மாகாணமும் விலக்கல்ல. 1819-ல் ரெவின்யூ போர்டு கேட்ட கேள்விகளுக்கு ஜில்லாக் கலெக்டர்கள் பதில் எழுதினார்கள். ஜில்லாவுக்கு ஜில்லா வழக்கம் மாறினாலும், மிராசுதாரர்கள் உழவுக்கு அடிமை ஆட்களை வைத்திருந்ததை அந்தப் பதில்கள் ஒப்புக்கொள்கின்றன.

ஓலையில் என்ன இருக்கும்?

பழைய ஆளோலை ஏறக்குறைய நிலப் பத்திரம் போலவே இருக்கும். முதலில் வருஷம், மாதம், தேதி. தெற்கே கொல்லம் ஆண்டு போட்டிருப்பார்கள். அதோடு 825 கூட்டினால் இங்கிலீஷ் வருஷம் ஏறக்குறைய வந்துவிடும். அடுத்து விற்றவர் பெயர், வாங்கியவர் பெயர், விலை. பிறகு, வாங்கியவருக்கு உள்ள பாத்தியதை. முடிவில் சாட்சிகளின் கையெழுத்தும், ஓலை எழுதியவர் கையெழுத்தும்.

இவ்வளவுக்கும் நடுவில் விற்கப்பட்டவரின் பெயர் இருக்கும். விற்றவருக்கும் வாங்கியவருக்கும் ஊர், குடும்பம், பட்டம் எல்லாம் விரிவாக எழுதியிருக்க, இவருக்குப் பெயரும் சாதியும் மட்டும் இருக்கும். பெண் என்றால், அவள் வயிற்றில் பிறக்கப்போகும் பிள்ளைகளும் வாங்கியவரையே சேரும். வந்த வீட்டில் அவள் அழுதாளா, பிள்ளையை விட்டுப் பிரிந்தாளா என்பதற்கு ஓலையில் இடமில்லை.

பண்ணைக் கணக்கு வேறு மாதிரி. அது தினப்படி எழுதுவது. யாருக்கு எத்தனை மரக்கால் நெல் அளந்தது, அறுப்புக் களத்தில் என்ன கொடுத்தது, பொங்கலுக்கு யாருக்கு வேட்டி, யாருக்குச் சேலை, எவன் கல்யாணத்துக்கு எவ்வளவு முன்பணம் என்று வரிசையாகப் போகும். ஒரு பெயர் பல வருஷம் தொடர்ந்து வந்து, ஒரு வருஷம் நின்றுவிடும். அவன் செத்தானா, ஓடிப்போனானா என்று கணக்குப்பிள்ளை எழுதியிருக்கமாட்டார். அவருக்கு வேண்டியது நெல் கணக்கு மட்டுமே. ஆனால் அவன் எந்த வருஷம் வரை அந்தப் பண்ணையில் இருந்தான் என்பது இன்று அதிலிருந்துதான் தெரிகிறது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் வழக்கம். பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்ததுதான். ஆகவே ஒரே பெயர் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை கணக்கில் வந்தால், அது ஒரே குடும்பமாக இருக்கலாம். குலதெய்வக் கோயில் எந்த ஊரில் இருக்கிறது என்பது இரண்டாவது துப்பு. எந்தக் குடும்பம் எந்தப் பண்ணையில் வேலை செய்தது என்று ஊரில் சொல்லும் பேச்சு மூன்றாவது துப்பு. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், தொலைந்துபோன ஒரு தலைமுறை கிடைக்கக்கூடும்.

ஒரு எச்சரிக்கையும் தேவை. கணக்கு எழுதியவர் எஜமானின் ஆள். இத்தனை ரூபாய் கடன் என்று எழுதியிருந்தால் அத்தனையும் வாங்கியதாக ஆகிவிடாது. கைநாட்டு வைத்தவனுக்கு எழுதியதைப் படிக்கத் தெரியாது. பெயரை நம்பலாம், ஊரை நம்பலாம். கடன் தொகையை அப்படியே நம்புவதற்கில்லை.

சட்டம் வந்தது, சீட்டு மாறியது

1843-ல் கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில் 5-வது சட்டம் வந்தது. ஒருவன் தன் அடிமை என்று சொல்லி உரிமை கேட்டால் இனி எந்தக் கோர்ட்டும் ஏற்காது என்றது அந்தச் சட்டம். சுந்தரரை மடக்கிய ஓலைக்கு அன்றோடு மதிப்பு போயிற்று. திருவிதாங்கூரில் 1855-ல் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. மனிதரை விற்பதும் வாங்குவதும் குற்றம் என்று இந்தியத் தண்டனைச் சட்டம் 1862 முதல் அமலுக்கு வந்தது.

ஆளோலை நின்றது. ஆனால் கடன் சீட்டு நிற்கவில்லை. மகன் கல்யாணத்துக்கு வாங்கிய முன்பணம் தீரும் வரை பண்ணையைவிட்டுப் போகக்கூடாது. அது தீராது. அப்பன் பட்ட கடனுக்கு மகன் ஏர் பிடிப்பான். அடிமை என்ற சொல் போய், பண்ணையாள், படியாள் என்ற சொற்கள் நிலைத்தன.

தஞ்சை ஜில்லாவில் சவுக்கடியும் சாணிப்பாலும் கூடாது என்று எழுதி வாங்க, செங்கொடிச் சங்கம் போராட வேண்டியிருந்தது. 1944-ல் மன்னார்குடியில் ஒப்பந்தம் ஏற்பட்டது. நினைத்தபோது பண்ணையாளை வெளியேற்றக்கூடாது என்று 1952-ல் ராஜாஜி ஆட்சியில் சட்டம் வந்தது. கொத்தடிமை முறையை ஒழிக்கும் மத்தியச் சட்டம் 1976-ல் வந்தது. முதல் சட்டத்துக்கும் கடைசிச் சட்டத்துக்கும் இடையே 133 வருஷங்கள்.

இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்களையும் சீட்டு விடவில்லை. இந்தத் தொழிலாளி இவ்வளவு கடன்பட்டிருக்கிறான், அதைக் கட்டினால் அழைத்துப் போகலாம் என்று எழுதிய "துண்டு" ஒன்று இருந்தது. அந்தத் துண்டு முறை 1921-ல்தான் ஒழிந்தது.

அயல்நாட்டார் என்ன செய்கிறார்கள்?

எஜமானரின் கணக்கை எஜமானருக்கு எதிரான சாட்சியாகப் படிப்பது எப்படி என்று அமெரிக்க நீக்ரோ மக்களின் வம்சாவளியினர் காட்டியிருக்கிறார்கள்.

அங்கே 1850, 1860 மக்கள் கணக்குகளில் அடிமைகளுக்குப் பெயர் கிடையாது. உடைமையாளர் பெயரை எழுதி, அதன் கீழே வயது, ஆணா பெண்ணா, நிறம் என்று மட்டும் குறித்தார்கள். விடுதலைக்குப் பிறகு வந்த 1870 கணக்கில்தான் எல்லோருக்கும் பெயர் வந்தது. அதற்கு முந்திய பாட்டன் பெயர் வேண்டுமென்றால், தோட்ட முதலாளி வீட்டுக் காகிதங்களையே தேட வேண்டும்.

"எல்லா மனிதரும் சமம்" என்று சுதந்திரப் பிரகடனத்தில் எழுதிய தாமஸ் ஜெபர்சன், தம் பண்ணைக்கென ஒரு கணக்குப் புத்தகம் வைத்திருந்தார். அடிமைகளின் பெயர், பிறந்த வருஷம், அளந்த உணவு, கொடுத்த துணி, கம்பளி எல்லாம் அவர் கையெழுத்திலேயே இருக்கின்றன. அவருடைய ஆயுள் முழுவதிலும் 600-க்கு மேற்பட்டோர் அவருக்கு அடிமையாக இருந்தார்கள். அவர்களுடைய வம்சத்தார் இன்று முன்னோரைத் தேடும்போது அந்தப் புத்தகத்தில்தான் விரல் வைக்கிறார்கள்.

தென் கரோலினாவில் பால் என்று ஒரு குடும்பம். தலைமுறை தலைமுறையாக நெல் தோட்டமும் அடிமைகளும் வைத்திருந்தவர்கள். அந்தக் குடும்பத்தில் பிறந்த எட்வர்ட் பால் என்ற பத்திரிகையாளர், தம் வீட்டுக் காகிதங்களைத் தாமே புரட்டி, அதில் இருந்த அடிமைகளின் சந்ததியாரைத் தேடிப் போனார். 1998-ல் அதைப் புத்தகமாக எழுதினார்.

அதில் வருகிற ஒரு பெயர் பிரிசில்லா. 1756-ல் ஆப்பிரிக்காவின் சியரா லியோனிலிருந்து கப்பலில் கொண்டுவந்து விற்கப்பட்ட 10 வயதுச் சிறுமி. பால் குடும்பத்துக் கணக்குகளில் அவளும் அவள் பிள்ளைகளும் அறுபடாமல் வருகிறார்கள். 2005-ல் அவள் வம்சத்தில் வந்த பெண் ஒருவர் சியரா லியோனுக்குப் போனபோது, அந்நாட்டார் தங்கள் வீட்டுப் பெண் திரும்பி வந்ததுபோல் வரவேற்றார்கள். கணக்கில் ஒரு வரி இல்லாவிட்டால் அந்தப் பயணமே இல்லை.

தென்னாப்பிரிக்கத் தமிழரும் இப்படித்தான். 1860 முதல் 1911 வரை நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன இந்தியர் சுமார் 1 லட்சத்து 52 ஆயிரம் பேர். அவர்கள் அடிமைகள் அல்ல, ஆனாலும் சரக்கைப் போல எண் கொடுத்து ஏற்றப்பட்டவர்கள். கப்பல் பட்டியலில் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம் எல்லாம் உண்டு. இன்று பேரப்பிள்ளைகள் அந்தப் பட்டியலின் நகலோடு தமிழ்நாட்டுக் கிராமங்களுக்கு வந்து விசாரிக்கிறார்கள்.

மும்பையில் ஒரு துண்டுக் காகிதம்

தாராவித் தமிழருக்குக் காகிதம் இல்லாத கஷ்டம் நன்றாகத் தெரியும்.

திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடவும், துப்புரவு வேலைக்கும், ஆலை வேலைக்கும் வந்தவர்களில் பலர் தாழ்த்தப்பட்டோர். ஊரில் தாழ்த்தப்பட்டவராக இருந்தும், மராட்டிய மாநிலத்தில் அந்தச் சலுகையைப் பெற வேண்டுமானால், 1950 ஆகஸ்ட் 10-க்கு முன்பே குடும்பம் இங்கே இருந்ததற்கு அத்தாட்சி காட்ட வேண்டும். வேறு மாநிலத்தில் இருந்து குடியேறியவருக்கு அந்த உரிமை தொடர்ந்து வராது என்று உச்சநீதிமன்றம் 1990-ல் தீர்ப்பளித்தது. வழக்கு மும்பை மருத்துவக் கல்லூரி இடம் ஒன்றைப் பற்றியது. 1994-ல் அது மீண்டும் உறுதியானது. ஆகவே தாத்தாவின் பள்ளிச் சான்று, மாநகராட்சி மஸ்டர் பதிவு, பழைய ரேஷன் கார்டு என்று ஒவ்வொரு பெட்டியாகத் துழாவுகிறார்கள். தாராவிப் புனரமைப்புக்காக 2024-ல் வீடு வீடாகக் கணக்கெடுக்கத் தொடங்கியபோதும், 2000 ஜனவரி 1-க்கு முந்திய காகிதம் எங்கே என்பதுதான் கேள்வி.

கிராமத்துப் பண்ணைக் கணக்கு இந்தச் சலுகைக்கு உதவாது. பாட்டன் அங்கே இருந்தார் என்றுதான் அது சொல்லும், இங்கே இருந்தார் என்று சொல்லாது. ஆனால் அந்தப் பாட்டன் வெறும் "ஏதோ ஒரு மாடன்" அல்ல, இன்ன வருஷம், இன்ன ஊரில், இன்ன வயலில் பாடுபட்டவர் என்று அது சொல்லும். வேறு எந்தக் காகிதமும் அதைச் சொல்லாது.

வெட்கம் யாருக்கு?

இரண்டு பக்கமும் தயக்கம் இருக்கிறது. "வீட்டு மானம் போய்விடும்" என்று பரண் வைத்திருப்பவர் நினைக்கிறார். "பழைய இழிவை ஏன் கிளற வேண்டும்?" என்று தாராவிக்காரர் நினைக்கிறார். இருவரும் மௌனமாக இருக்க, நடுவில் கரையான் வேலையை முடித்துவிடுகிறது. ஆடிப்பெருக்கில் பழைய ஏடுகளை ஆற்றில் விட்ட கதையை உ.வே. சாமிநாதையர் எழுதி வருந்தியிருக்கிறார். இலக்கிய ஏட்டுக்கே அந்தக் கதி என்றால், கணக்கு ஓலையைக் கேட்பானேன்?

விற்கப்பட்டவன் வெட்கப்பட ஒன்றும் இல்லை. வாங்கியவரின் இன்றைய பேரனும் குற்றவாளி அல்ல. ஆனால் பெட்டிச் சாவி அவர் கையில் இருக்கிறது. அந்தப் பொறுப்பு அவருடையது.

செய்ய வேண்டியது அதிகமில்லை. ஓலையையோ நோட்டையோ பழைய பேப்பர்காரரிடம் போடாமல் இருக்க வேண்டும். தூசு தட்டுகிறேன் என்று நனைந்த துணியால் துடைக்கக்கூடாது. பக்கம் பக்கமாகப் படம் பிடித்துக்கொள்ளலாம். படிக்கத் தெரியாவிட்டால் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம், சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம், ரோஜா முத்தையா நூலகம் ஆகியவற்றில் விசாரிக்கலாம். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் தமிழ்நாட்டுக் கிராமங்களில் வீட்டுப் பத்திரங்களைப் படமெடுத்து, மூலத்தை வீட்டாரிடமே விட்டு வந்திருக்கிறார்கள். ஆகவே கொடுத்தால் திரும்பி வராது என்ற பயம் வேண்டாம்.

தாராவியில் இருப்பவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. வீட்டில் உள்ள வயதானவர் இருக்கும்போதே, அவருக்குத் தெரிந்த பெயர்களையும், ஊர், குலதெய்வம், பண்ணை வீட்டுப் பெயரையும் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். என்றைக்காவது ஒரு பரண் திறந்தால், அதில் இருக்கும் பெயரை அடையாளம் காட்ட இந்த நோட்டுதான் வேண்டும்.

அடுத்த பொங்கலுக்கோ கோயில் கொடைக்கோ ஊருக்குப் போகிறவர்கள், திரும்பும் டிக்கெட்டை ஒரு நாள் தள்ளிப் போட்டால் போதும்.